முற்றோதலுக்கு வந்த குருவானவர்

காரைக்குடியிலிருந்து:

எங்கள் ஐயா காலத்திலிருந்து மார்கழியில் வீட்டு வளவில், திருவாசகம் முழுவதையும் ஒரே அமர்வில் ஓதும் முற்றோதல் நடந்து வருகிறது. ஒரு வருடம் அப்பச்சியின் (அப்பாவின்) நண்பரான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவர் வந்திருந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். வேட்டி சட்டையில் பட்டாலையில் வந்து அமர்ந்தார். ஓதுவார் சிவபுராணத்தைத் தொடங்கியதும் கையிலிருந்த தடித்த புத்தகத்தை விரித்தார். ஜி.யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு அது.

அருகில் இருந்ததால் அந்தப் புத்தகத்தை நன்றாகப் பார்க்க முடிந்தது. பதிகங்கள் முடியும் இடங்களில் பென்சிலால் ஊர்ப்பெயர்கள் எழுதியிருந்தார்: ராமநாதபுரம், அருப்புக்கோட்டை, மானாமதுரை. எந்த ஊரில் பணியில் இருந்தபோது எந்தப் பதிகத்தைப் படித்து முடித்தார் என்ற கணக்காம். மதுரை அரசரடியில் இறையியல் படித்து, முதலில் உதவி குருவாக இருந்து, பிறகு முழு குருப்பட்டம் பெற்றவர். அதன்பின் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றல், புதுச் சபை. திருமணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை, சபைக்குள் எழும் சச்சரவு எல்லாவற்றுக்கும் அவர்தான் போய் நிற்க வேண்டும். இரவில் கிடைத்த நேரத்தில்தான் இந்தப் படிப்பு.

சாப்பாட்டுப் பந்தியில் பெரியப்பச்சி நேராகவே கேட்டார்: “போப் மதம் மாற்ற வந்தவர்தானே?”

“ஆமாம், அதற்காகத்தான் வந்தார். அதை மறைத்துவிட்டு அவரைப் பாராட்ட வேண்டியதில்லை” என்றார் குருவானவர். பிறகு அவர் சொன்ன கதையைப் பந்தியே கேட்டுக்கொண்டிருந்தது. 1820இல் பிறந்த போப், 1839இல் வெஸ்லியன் (மெதடிஸ்ட்) மிஷனரியாகச் சென்னைக்கு வந்து, பின்னர் ஆங்கிலிக்கன் சபையில் குருவானார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகை, பெங்களூர் என்று ஊர் ஊராகப் பணியாற்றினார். இங்கிலாந்து திரும்பி ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தார். 1886இல் திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். திருவாசகத்தை எடுத்தபோது, இத்தனை பெரிய வேலையை முடிக்க ஆயுள் போதுமா என்று தயங்கியிருக்கிறார். பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால்தான் நீண்ட நாள் வாழலாம் என்று பேலியோல் கல்லூரித் தலைவர் ஜோவெட் தைரியம் சொன்னாராம். 1900 ஏப்ரல் 24, தம் எண்பதாவது பிறந்தநாளில், போப் அந்த நூலுக்கு முன்னுரை எழுதி முடித்தார்.

தான் பரப்ப வந்த சமயத்துக்கு வெளியே இருந்த ஒரு நூலுக்கு முதுமையை முழுதாகக் கொடுத்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன். பந்திக்குப் பிறகு வந்து அமர்ந்த குருவானவர் மாலையில் முற்றோதல் முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

போப்பின் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறித்திருப்பதாகப் பள்ளியில் படித்தோம், மேடைகளிலும் கேட்டோம். மகனைப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு போனபோது தேடிச் சென்று பார்த்தேன். அப்படி ஒரு வரி அங்கே இல்லை. உண்மையில் இருப்பது அதைவிட உயர்ந்தது என்பேன். அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும், அவரது வாழ்நாள் உழைப்பை வியந்து அன்போடு வைத்த கல் என்று எழுதியிருக்கிறது. இங்கிருந்தும் பணம் போய் எழுந்த கல் அது. இனி மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்லட்டும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இடம் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம், வால்டன் தெருவை ஒட்டியது. பேலியோல் கல்லூரியிலிருந்து நடந்தே போய்விடலாம்.