அக்னி நட்சத்திரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து பரம்பரை தேடுகிறவர்கள் இருக்கிறீர்களா?

வேலூர்வாசி:
வணக்கம். இங்கே பத்து மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியவில்லை, கத்திரி முடியும்வரை வீட்டோடுதான். பரணை ஒழித்தபோது தாத்தா பெட்டியில் பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. தாத்தா, அவர் அப்பா, அவருக்கும் அப்பா என்று வரிசையாகப் பெயர் இருந்ததைப் பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. தாத்தாவின் பெரியப்பா ஒருவர் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினாராம். அவரை எங்கே தேடுவது? பழைய பதிவேடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றும் தன்னார்வ வேலையில் என்னைப் போல் புதிதாக வருகிறவர்களும் சேரலாமா?

ஏட்டுப்பூச்சி:
நேட்டால் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான் சார். 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது, அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தட்டச்சு செய்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். வேலூர் அப்போது வட ஆற்காடு ஜில்லா, அதில் தேடுங்கள். ஆள் பெயரை மட்டும் நம்பாதீர்கள், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது, நம் முனுசாமி அங்கே மூன்சாமி. கிராமமும் அப்பா பெயரும் ஒத்துப்போனால்தான் நம் ஆள்.

மதுரை அக்கா:
தாராளமாகச் சேரலாம் தம்பி. ஃபேமிலிசர்ச் என்ற பரம்பரை தேடும் இணையதளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம், மேலே பதிவேட்டின் படம், கீழே நிரப்ப வேண்டிய கட்டங்கள், அவ்வளவுதான். முதலில் தெளிவான கையெழுத்தாகப் பார்த்து எடுங்கள். இருப்பதை இருக்கிறபடி எழுதணும், இதுதான் சரியாக இருக்கும் என்று நாமாகத் திருத்தக் கூடாது. மதராஸ் மாகாணத்துத் தேவாலயப் பதிவேடுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, ஃபிபிஸ் என்ற சங்கத்துத் தன்னார்வலர்கள் அவற்றிலிருந்து பெயர்களை எடுத்துப் போடுகிறார்கள், தேடுவதற்குக் காசு இல்லை. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி, பக்கத்தில் மோர், மத்தியானம் போவதே தெரியாது. ஆனால் அடக்கப் பதிவேடு எடுத்தால் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் வரிசையாக வாந்திபேதி, வாந்திபேதி என்றே இருந்தது, அதில் பாதி கைக்குழந்தைகள். யாரோ பெற்ற பிள்ளைகள்தான், ஆனாலும் ஒரு எழுத்துகூடத் தப்பாகப் போய்விடக் கூடாதே என்று நிறுத்தி நிறுத்தித்தான் அடித்தேன்.

வேலூர்வாசி:
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். போனிலேயே செய்யலாமா அக்கா?

மதுரை அக்கா:
எளிதானதற்குப் போன் போதும் தம்பி. பழைய கையெழுத்துக்குப் பெரிய திரை இல்லாவிட்டால் கண் வலிக்கும்.

கரிசல்:
இன்னொன்று, பத்திரத்தை மடித்த வாக்கிலேயே திரும்பப் பெட்டியில் போடாதீர்கள், மடிப்பில்தான் முதலில் கிழியும். இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு விரித்து வையுங்கள். நான்கு எல்லை எழுதியிருக்கும் இடத்தையும் படியுங்கள், பக்கத்து நிலம் பெரும்பாலும் பங்காளி நிலமாகத்தான் இருக்கும், அந்தப் பெயர்களை உங்கள் அத்தையிடமோ பெரியம்மாவிடமோ படித்துக் காட்டினால் அவர்களுக்கு அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். கிராமத்துப் பெயர் தெரிந்தால் இங்கே போடுங்கள், கப்பல் பட்டியலில் நானும் சேர்ந்து தேடுகிறேன்.