டே ஆர்டர் என்றால் என்ன சார்?

உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியர்:

போன ஜூலையில் ஒரு நாள், காலை 11 மணி இருக்கும். ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் தேனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தூணோரம் ஒரு பையன் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்த்தால், அந்த மார்ச்சில் என்னிடம் பிளஸ் டூ முடித்தவன். தாவரவியலில் வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண். "கல்லூரி இல்லையா?" என்றேன். எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. டீயும் வடையும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் விஷயம் வந்தது.

நான்கு நாளாக இப்படித்தானாம். அம்மா கட்டிக் கொடுக்கும் சோற்றோடு காலையில் பஸ் ஏறுவான். இங்கே இறங்கி, இங்கேயே உட்கார்ந்து, இங்கேயே சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவான்.

நான் ராகிங்கோ, பணமோ, காதலோ என்று நினைத்துப் பயந்துபோனேன். காரணம் டே ஆர்டர், அதாவது கிழமைப்படி இல்லாமல் ஒன்று, இரண்டு என்று நாளுக்கு ஓர் எண் போட்டு, அந்த எண்படி நடக்கும் பாட அட்டவணை. பள்ளியில் திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமைப் பாடவேளை. இவன் சேர்ந்த கல்லூரியில் வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு, டே ஆர்டரோ ஆறு. முதல் திங்கள் ஒன்றாம் டே ஆர்டர் என்றால் அடுத்த திங்கள் ஆறாவது. இடையில் ஒரு விடுமுறை வந்தால் மறுபடியும் கணக்கு மாறும். இது யாரும் அவனுக்குச் சொல்லாதது. இரண்டாவது திங்கள் பழைய அட்டவணைப்படி போய், வேறு துறையின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டான். பேராசிரியர் "யாரப்பா நீ?" என்றதும் பள்ளிப் பழக்கத்தில் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றோடு கல்லூரி வாசலை மிதிக்கவில்லை.

எனக்குத் தலை குனிவாக இருந்தது. விண்ணப்பம் போடச் சொல்லிக் கொடுத்தேன், கட் ஆஃப் கணக்குப் போட்டுக் கொடுத்தேன், அரசின் 'கல்லூரிக் கனவு' உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிக்கு வேன் பிடித்து அழைத்துப் போனேன். தெரியாத இடத்தில் தெரியாத ஆளிடம் போய் "எனக்கு இது புரியவில்லை" என்று கேட்கச் சொல்லித் தரவில்லை. சொல்லப்போனால், பன்னிரண்டு வருடமாக வாயை மூடு, கையைக் கட்டு என்றுதானே வளர்த்தோம்!

அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை அவன் வாசலில் நின்று இவனை அழைத்துப் போனான். என் பங்கு அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது தடுக்கியதா? சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள்.

மேலூர்ப் பெண், இளங்கலை மூன்றாம் ஆண்டு:

சார், டே ஆர்டர் ஒரு வாரத்தில் பழகிவிடும். சாப்பாட்டு நேரம்தான் பழகாது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து அதே ஐந்து பேரோடு வேப்பமரத்தடியில் சாப்பிட்டுப் பழகியவள். கல்லூரியில் முதல் நாள் மணி அடித்ததும் எல்லோரும் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள். யாரோடு போவது என்று தெரியவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டுக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் அந்தப் படிக்கட்டுதான். ஒரு முறை பேச்சுவாக்கில் "அங்கிட்டு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள் "அங்கிட்டு" என்பதற்குச் சிரித்தாள் என்பதுதான் வேடிக்கை. அன்று அது தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

என்னை மாற்றியது ஒரு வங்கி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். எனக்கு வரவில்லை. வகுப்பில் இன்னொருத்திக்கும் வரவில்லை. அவளும் அரசுப் பள்ளிதான், பேரையூர்ப் பக்கம். இரண்டு பேரும் ஒரு மதியம் வங்கிக்குப் போனோம். நான் அதுவரை அப்பா இல்லாமல் வங்கிக்குள் நுழைந்ததில்லை. கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் "ஆதார் இணைக்கவில்லை, படிவம் நிரப்பு" என்றார். பேனா இல்லை. அங்கே நூலில் கட்டிவைத்திருந்த பேனாவில் மை இல்லை. வரிசையில் நின்ற ஒரு பாட்டியிடம் பேனா கேட்டோம். அவர் தன் படிவத்தையும் நிரப்பித் தரச் சொன்னார். பிறகு அவருக்குப் பின்னால் நின்றவர். அன்று நான்கு பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தோம். மறுநாளிலிருந்து அவளோடுதான் சாப்பாடு. படிக்கட்டில்தான், ஆனால் இரண்டு பேர்.

ஓய்வு பெற்ற விடுதிக் காப்பாளர், மதுரை:

ஆசிரியர் ஐயா சொன்னதும் அந்தப் பெண் சொன்னதும் நான் கண்ணால் பார்த்தவை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முதல் வாரத்தில் யாரும் அழுவதில்லை. புது வாளி, புதுப் பாய், புது நண்பர்கள் என்று போய்விடும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் இரவு பத்து மணிக்கு மேல் போர்வைக்குள் விசும்பல் கேட்கும். அந்த நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பாத்திரம் நிறையக் கறிக்குழம்போடு வந்து நிற்கும் பெற்றோர் மேல் எனக்குக் கோபம்தான் வரும். பாசம் புரிகிறது. பிள்ளை பக்கத்துக் கட்டில்காரனோடு மெஸ்ஸுக்குப் போகும் அந்த ஒரு வேளையையும் பறித்துவிடுகிறார்களே!

இன்னொரு கோபம், ராகிங் உறுதிமொழிப் படிவம். 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் வந்த பிறகு மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். என் மேஜையில் நூற்றுக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். படித்துப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கையெழுத்துப் போடும்போதே 1800-180-5522 என்ற உதவி எண்ணைப் பிள்ளையின் போனில் பதிந்து வையுங்கள். மனம் பாரமாக இருந்தால் 14416, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தேவைப்படும் நேரத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பூ வியாபாரி, மாட்டுத்தாவணி:

வாத்தியாரய்யா, நான் பத்தாவது வரைதான். மகன் பொறியியல் விடுதியில் இருக்கிறான். தினமும் ராத்திரி "சாப்பிட்டாயா?" என்று கேட்பேன். "சாப்பிட்டேன்" என்பான். பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். ஒரு நாள் வேறு பேச்சு கிடைக்காமல், அன்று மல்லிகை விலை சரிந்து எனக்கு நஷ்டம் என்று சொல்லிவிட்டேன். வழக்கமாகப் பிள்ளையிடம் நஷ்டத்தைச் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, எனக்குக் கணக்கில் அரியர் விழும் போலிருக்கிறது" என்றான். அன்று முக்கால் மணி நேரம் பேசினோம்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியர்:

அந்த மல்லிகை விலையைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஐயா.

இந்த வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் 38 பேரை மதுரையில் ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போனேன். ஆய்வகம், அரங்கம் எதையும் காட்டவில்லை. அலுவலக ஜன்னல், கேன்டீன், நூலகம், கழிப்பறை, அறிவிப்புப் பலகை. ஒவ்வொருவரும் அறிமுகமில்லாத ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் என்று விரட்டினேன். பாதிப் பேர் காவலாளியிடமே போய் "மணி என்ன?" என்று கேட்டுத் தப்பித்தார்கள். பாவம், அவர் பதினைந்து தடவை மணி சொன்னார்.

முந்தின நாள், பெயர் போடாமல் சந்தேகங்களைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லியிருந்தேன். ஒரு சீட்டில் இருந்தது: "தண்ணீர் குடிக்க வெளியே போகலாமா என்று கல்லூரியில் தமிழில் கேட்கலாமா, இங்கிலீஷில்தான் கேட்க வேண்டுமா?" பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சீட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரப்பாளையத்துப் பையனையும் அன்று வரச் சொல்லியிருந்தேன். இரண்டாவது பருவம் படிக்கிறான். பிள்ளைகளை அறிவிப்புப் பலகை முன்னால் நிறுத்தி, சாக்பீஸால் எழுதியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, "வந்ததும் முதலில் இதைப் பாருங்கள். கிழமையை மறந்துவிடுங்கள்" என்றான். அன்று நான்காம் டே ஆர்டர்.