கென் பர்ன்ஸ் படம் பார்த்தால் அமெரிக்க உள்நாட்டுப் போர் புரிந்துவிடுமா?

படச்சுருள் (கேள்வி):
வடக்கு மாநிலங்களும், பிரிந்து போன தெற்கு மாநிலங்களும் 1861–65இல் மோதிய போரைப் பற்றிய கென் பர்ன்ஸின் ‘தி சிவில் வார்’ டாக்குமெண்டரி ஒன்பது பாகமும் பார்த்து முடித்தேன். முதல் பாகத்தில் சலிவன் பல்லூ என்ற வடக்குப் படை அதிகாரி மனைவிக்கு எழுதிய கடிதத்தை வயலின் இசையோடு வாசிக்கிறார்கள். அழுதுவிட்டேன். வரலாறு படிக்கும் அக்கா மகளோ, “அதை மட்டும் வைத்துப் போரைப் புரிந்துகொள்ளாதீங்க மாமா” என்கிறாள். படத்தில் தப்பு இருக்கிறதா? இல்லை, வரலாற்றாசிரியர்களுக்கு டாக்குமெண்டரி என்றாலே ஆகாதா?

ஏழாம்வரிசை:
1990இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் ஓடியபோது சுமார் 4 கோடிப் பேர் பார்த்தார்கள். எந்த ஆய்வு நூலுக்கு அது வாய்க்கும்? அசையும் படமே இல்லாத காலத்துப் போரை, பெரும்பாலும் பழைய புகைப்படங்கள் மேல் கேமராவை நகர்த்தியே பதினோரு மணி நேரம் காட்டியிருக்கிறார். அடிக்குறிப்பு இல்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

பழையகாகிதம்:
கல்லூரியில் இந்தப் போரைப் பாடமாக நடத்துகிறேன், முதல் வகுப்பில் அந்தப் படத்தைத்தான் போடுவேன். ஆனால் உங்கள் அக்கா மகள் பக்கம்தான் நான். நீங்கள் அழுத கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். தேதி 1861 ஜூலை 14. ஒரு வாரத்தில் புல் ரன் சண்டையில் படுகாயமடைந்த பல்லூ, அதற்குச் சில நாட்களில் இறந்தார். அவர் கைப்பட எழுதிய மூலம் கிடைக்கவில்லை, பிரதிகள்தான் உண்டு. படத்தில் வருவது வெட்டிச் சுருக்கியது. அந்த இசையோ 1982இல் ஜே அங்கர் அமைத்தது.

இந்தக் காகிதம் நம் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் வரலாற்றாசிரியரின் முதல் கேள்வி. ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் என்பவரின் கடிதம் ஒன்று இருக்கிறது. மிசூரி மாநிலத்தில் அடிமையாக இருந்து வடக்கு ராணுவத்தில் சேர்ந்த கறுப்பினத்தவர். 1864 செப்டம்பரில், தன் மகள் மேரியை வைத்திருந்த எஜமானிக்கு எழுதுகிறார்: அவள் என் பிள்ளை, எவ்வளவு நாள் அவளைப் பிடித்து வைக்கிறாயோ அவ்வளவு நாள் நரகத்தில் எரிவாய். எழுத்துப் பிழைகள் நிறைந்த, நடுங்காத கடிதம். அது ஏன் பிழைத்தது தெரியுமா? எஜமானியின் சகோதரர் கொதித்துப்போய், இந்த ஆளை மாநிலத்தைவிட்டு அனுப்புங்கள் என்று வடக்குப் படையின் ஜெனரல் ரோஸ்கிரான்ஸுக்குப் புகார் எழுதி, கடிதத்தையும் இணைத்து அனுப்பினார். ராணுவக் கோப்பில் தங்கிவிட்டது. அப்புறம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய ஒரு திட்டம் தேசிய ஆவணக் காப்பகத்தைத் துழாவி, இப்படிப்பட்ட கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டது.

இதைப் படித்தால் போர் வேறு மாதிரி தெரிகிறது. அடிமைகளை விடுவித்த ஜனாதிபதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம், தெற்கோடு பிரிந்து போகாத மிசூரிக்குச் செல்லாது. அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865 ஜனவரியில்தான். அதற்கு முன்பே ரைஸ் போன்றவர்கள் அதை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சீருடை போட்ட கறுப்பின வீரர்கள் மட்டும் ஏறக்குறைய 1,80,000 பேர்.

இதைப் பேச அந்தப் படத்திலேயே வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸ் இருக்கிறார், அந்த மேரிலாந்து தொகுப்பில் வேலை செய்தவர். ஆனால் அவரைவிடப் பல மடங்கு நேரம் நாவலாசிரியர் ஷெல்பி ஃபூட்டுக்கு. அருமையாகக் கதை சொல்கிறார், மறுக்கவில்லை. சமரசம் செய்யத் தவறியதால் போர் வந்தது என்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எதில் சமரசம்? ஏறக்குறைய 40 லட்சம் பேரை விற்று வாங்குவதிலா? பிரிந்து போன மிசிசிப்பி, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு பிணைந்தது என்று 1861 அறிக்கையில் தானே எழுதி வைத்திருக்கிறது.

படச்சுருள்:
நன்றி சார். படத்தின் கடைசியில், பெரிய சண்டை நடந்த கெட்டிஸ்பர்க்கில் இரு தரப்புக் கிழவர்களும் கைகுலுக்குகிறார்களே, அது நடந்ததுதானே?

பழையகாகிதம்:
நடந்ததுதான். 1913இல் 50,000க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் கூடினார்கள், ஜனாதிபதி வில்சன் வந்து பேசினார். அதே ஆண்டு அவர் அரசு, மத்திய அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தது. கைகுலுக்கலோடு முடித்தால் வெள்ளையர்கள் சமாதானமான கதை கிடைக்கும். ஓட்டுரிமை வாங்கிய கறுப்பின மக்களிடமிருந்து அதை எப்படிப் பிடுங்கினார்கள் என்று தெரிய, போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்த 1877க்கு அப்பாலும் போக வேண்டும். வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனர் படத்தின் மேல் வைத்த குறையும் இதுதான். அந்த மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றிய அவருடைய ‘ரீகன்ஸ்ட்ரக்ஷன்’ நூல் உங்கள் அக்கா மகளிடம் இருக்கும், வாங்கிப் படியுங்கள். தடிமன் பயமுறுத்தினால் அவரே எழுதிய சுருக்கப் பதிப்பும் இருக்கிறது.