ஏற்காடு எஸ்டேட் பிக்கப்: டிரைவர் சீட் மாத்தணும், ஆம்னி சீட் சரிவருமா?

காப்பிக்காடு:
மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப் வழி வந்த பழைய பிக்கப். டிரைவர் சீட் ஃபிரேம் பனியிலயே துருப்பிடிச்சு, பின்கால் ரெண்டும் அத்துப்போச்சு. பெட்ரோல் டேங்க் அந்த சீட்டுக்கு நேர் அடியில. மாருதி ஆம்னி வேன் சீட் ஒண்ணு மலிவா வருது. வாங்கலாமா? வாரம் ரெண்டு தடவை சேலம் இறங்கி ஏறணும்.

நாலுவீல்:
வாங்குறதுக்கு முன்னாடி உயரம் பாருங்க. டேங்குக்கு மேல பலகை, அதுக்கு மேல செங்கல், மடிச்ச சாக்குன்னு அடுக்கி, புது சீட் வர்ற உயரத்துக்குக் கொண்டுவந்து உட்காருங்க. கிளட்ச்சை அடிவரைக்கும் மிதிக்கறப்போ முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கணும், தொடை ஸ்டியரிங்ல இடிக்கக்கூடாது. 20 கொண்டை ஊசியிலயும் வளையத்தை முழுசா ஒடிக்கிறீங்க, இடிச்சா கதை முடிஞ்சுது. ஸ்லைடரோட (சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துற ரெண்டு தண்டு) வர்ற சீட்டுல ஸ்லைடர் உயரத்தையும் கூட்டிக்கணும். பெரும்பாலும் மாட்டிக்கிறது அங்கதான். மெயின் கியர், 4 வீல், லோ மூணு லீவரையும் எல்லா இடத்துலயும் போட்டுப் பாருங்க.

தகரத்துல நேரா போல்ட் போடாதீங்க. துருவை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும். குறுக்கே 40×40×5 எம்.எம். எல் ஆங்கிள், அடியில 75 எம்.எம். சதுரத்துல 4 எம்.எம். தகடு, 10 எம்.எம். 8.8 கிரேடு போல்ட், நைலாக் நட் (ஆட்டத்துல தானா கழலாது). வாஷர் மட்டும் போட்டா பிரேக் அடிக்க அடிக்க தகரம் கிழிஞ்சுடும். அடியில நீட்டுற போல்ட் நுனி டேங்கைத் தொட்டா, ஆடி ஆடி ஓட்டையே போடும்.

வெல்டிங்னா டேங்கைக் கழட்டி வண்டியை விட்டுத் தள்ளி வெச்சுட்டுத்தான். ‘டேங்க் மேல ஈரச்சாக்கு போட்டுக்கலாம்’னு பட்டறையில சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. பேட்டரி நெகட்டிவும் கழட்டணும்.

இன்னொண்ணு, பழைய ஓட்டைகள் 5/16 இஞ்ச். 8 எம்.எம். போல்ட் பாக்க ஒண்ணுபோல இருக்கும், ரெண்டு சுத்து ஏறவும் செய்யும். அப்புறம் மரை போயிடும்.

குஷன்கடை:
அண்ணா சொன்ன உயரக் கணக்குக்காகவே பழைய ஃபிரேமைச் சரி பண்றது மேல்னு நான் சொல்வேன். அத்துப்போனது கால்தானே? பைப் மாத்தி வெல்ட் வெச்சா முடிஞ்சுது, சீட் பழைய இடத்துலயே உட்காரும்.

ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவுல சாக்குத்துணி கண்டிப்பா வைக்கணும், இல்லேன்னா ஸ்பிரிங் ஃபோமை அறுத்துடும். 40 டென்சிட்டி ஃபோம், அடிக்கு 4 இஞ்ச், முதுகுக்கு 2 இஞ்ச். 54 இஞ்ச் அகல ரெக்ஸின் பைப்பிங்கோட ஒன்றரை மீட்டர் ஆகும். ஏத்துறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் வெயில்ல போடுங்க, மலைக் குளிர்ல இழுத்தா சுருக்கம் போகாது. அடிப்பக்கம் காத்துப் போக நாலு ஓட்டை விடலேன்னா உட்காரும்போது புஸ்ஸுனு ஊதித் தையல் பிரியும்.

முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஒரு இஞ்ச் தூக்கலா இருக்கட்டும். சமமா வெச்சா இறக்கத்துல ரெக்ஸின் ஆளை முன்னாடி தள்ளிட்டே இருக்கும், பிரேக் கால் சும்மா சலிச்சுப்போகும்.

காப்பிக்காடு:
சரிங்ணா, ஃபிரேமையே பண்ணிடறேன். ஸ்லைடர் சேக்கலாமா? ஓட்டுறவங்க ரெண்டு பேர், ஒருத்தர் குட்டை.

நாலுவீல்:
தலைக்கு மேல 3 இஞ்ச் மிச்சம் இருந்தா சேருங்க. நாலு போல்ட்டையும் லூசா மாட்டி, சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னும் பின்னும் நாலு தடவை தள்ளிட்டு அப்புறம் இறுக்கணும். ரெண்டு தண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்லேன்னா ஒருபக்க லாக் மட்டும் விழும். நிக்கிற வண்டியில தெரியாது, இறக்கத்துல பிரேக் வெச்சதும் சீட் ஒரு பல் தாவும். ரெண்டு பக்கமும் ‘டக்’னு சத்தம் கேட்டாத்தான் வண்டியை எடுங்க.