நாய்க்கு இன்சூரன்ஸ்: 7,000 கட்டுவதா, ஆர்.டி.யில் போடுவதா?

வெண்ணாற்றங்கரை:
பாபநாசம் பக்கம், வயலை ஒட்டி வீடு. மூன்று வயது லாப்ரடார் ஒன்று, தானாக வந்து திண்ணையில் படுத்துக் குடும்பத்தில் சேர்ந்துகொண்ட நாட்டு நாய் ஒன்று. வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்த ஏஜென்ட், லாப்ரடாருக்கு வருடம் 7,000 கட்டினால் ஆஸ்பத்திரிச் செலவும், அது யாரையாவது கடித்துவைத்தால் வரும் நஷ்டஈடும் கிடைக்கும் என்கிறார். நாட்டு நாயைப் பற்றிக் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்று சிரிக்கிறார். போடலாமா?

கும்பகோணத்தான்:
வேண்டாம் சார். நாய்க்கு நாம் செய்யும் செலவு என்ன? தடுப்பூசி, உண்ணி மருந்து, பூச்சி மருந்து, கருத்தடை, பல். இதில் எதுவும் சாதாரணமாக பாலிசியில் வராது. மாதம் 600 ரூபாய் அஞ்சலக ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் போடுங்கள், ஐந்து வருடத்தில் முதல் மட்டுமே 36,000. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பணம் உங்களிடமே இருக்கும். இன்சூரன்ஸில் அப்படித் திரும்புமா?

மன்னார்குடி ராணி:
ஆர்.டி. போட்ட மூன்றாவது மாதம் பாம்பு கடித்தால் என்ன செய்வீர்கள் அண்ணா, 1,800 ரூபாயை எடுத்துக்கொண்டு ஓடுவீர்களா?

எங்களுக்கு நடந்தது. போன தை, சம்பா அறுவடை முடிந்த வாரம். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும், எலி பிடிக்க நாயும் போகும். விடியற்காலை பார்த்தால் முகம் பலூன் மாதிரி வீங்கி, ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. டாக்டர் கொஞ்சம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்தார். பிறகு சாய்த்துப் பார்த்தால் தண்ணீர் போல ஓடுகிறது, உறையவே இல்லை. கண்ணாடி விரியனாகத்தான் இருக்கும் என்றார். விஷமுறிவு மருந்து, ட்ரிப், நான்கு நாள். 23,000 ஆனது. பாலிசியில் 16,000 வந்தது. அந்த 16,000 இல்லாவிட்டால் அடகுக்கடைக்குப் போயிருப்பேன்.

கும்பகோணத்தான்:
மீதி 7,000 எங்கே போயிற்று அம்மா? நீங்கள் கட்டிய பிரீமியமும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதையும் 16,000இல் கழித்தால், வந்தது 9,000.

மன்னார்குடி ராணி:
கொஞ்சம் பில் இல்லாமல் வாங்கிய மருந்து, கொஞ்சம் நம் பங்கு என்று அவர்களே கழித்தது. 9,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 9,000 உங்கள் ஆர்.டி.யில் மூன்றாவது மாதம் இருக்குமா?

திருவாரூர் தேர்நிலை:
நான் கட்டி ஏமாந்தவன், இரண்டு பேரும் கேளுங்கள். மழைக்காலத்தில் எங்கள் நாய்க்கு எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர் வாய்க்காலிலும் முற்றத்திலும் தேங்கி நிற்கிற ஊர் இது, நாய்க்கு வந்தால் மனிதனுக்கும் வரும். கண் மஞ்சளாகி, சாப்பாடு நின்று, ஈரல் சிறுநீரகம் இரண்டும் அடிபட்டது. கிளைமைத் தள்ளிவிட்டார்கள். காரணம், தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய் என்றால் ஊசி தேதிப்படி போட்டிருக்க வேண்டுமாம், நான் வருடாந்திர ஊசியை 40 நாள் தள்ளிப் போட்டிருந்தேன். விதி அதில் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. கோபம் அதில் இல்லை. விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதில்தான்.

வெண்ணாற்றங்கரை சார், பாலிசி எடுப்பதற்கு முன் தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கிறதா?

காரைக்கால் கரையோரம்:
தள்ளியதும் விட்டுவிட்டீர்களா? முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். புதுச்சேரியும் அதே அலுவலகத்தில்தான் வருகிறது, அதனால் எங்களுக்கும் அதுதான். ஆனால் 40 நாள் தாமதம் உண்மை என்றால் உங்கள் பக்கம் பலம் குறைவு, சொல்லிவிடுகிறேன்.

வேதாரண்யம் மாட்டுக்காரன்:
நாய்க்கு இவ்வளவு பேச்சா என்று படித்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்குக் காதில் வில்லை போட்டு இன்சூரன்ஸ் செய்கிறோம். தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 முதல் விவசாயி பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம்தான், மீதியை அரசுகள் கட்டுகின்றன. ஆனால் அது பெரும்பாலும் சாவுக்கான பணம், வைத்தியத்துக்கு இல்லை. வில்லை இல்லையென்றால் கிளைமும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எந்த மாடு யாருடையது என்று காட்டவே எத்தனை பேர் திண்டாடினார்கள் தெரியுமா. நாய்க்கும் அதே கேள்விதான் வரும், இன்சூர் செய்த நாய் இதுதான் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? மைக்ரோசிப் போடுங்கள், இல்லாவிட்டால் முகம், இரண்டு பக்கவாட்டு, மச்சம் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

மாயவரம் பூனைமாமி:
பூனைக்கும் போடுகிறார்கள், ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டேன், விட்டுவிட்டேன்.

கும்பகோணத்தான்:
மாமி கணக்குத் தெரிந்தவர். இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. ஏஜென்ட் போடச் சொல்வது மின்விசிறிக்குக் கீழே தூங்குகிற லாப்ரடாருக்கு. வாய்க்கால் தண்ணீர் குடிப்பது, எலி துரத்துவது, சைக்கிளில் போகிறவனைத் துரத்துவது எல்லாம் திண்ணை நாய். அது கடித்தால் லாப்ரடார் பாலிசியில் ஒரு பைசா வராது.

மன்னார்குடி ராணி:
இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் திண்ணை நாய்க்குப் போடுங்கள் என்றுதானே சொல்ல வேண்டும்? நாட்டு இனம், கலப்பினத்தையும் ஏற்கிற பாலிசிகள் இருக்கின்றன. "பார்க்கலாம்" என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்தும் கிளைம் கிடைக்காத தொடக்க நாட்கள், எத்தனை, ஒரு வியாதிக்கு எவ்வளவு வரை, ஏற்கனவே இருக்கிற வியாதி என்று எதைச் சொல்வார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள்.

கும்பகோணத்தான்:
கேளுங்கள். கேட்டுவிட்டு ஆர்.டி. போடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். லாப்ரடாருக்குப் போன வருடம் ரேபிஸ் ஊசி மட்டும்தான் போட்டிருக்கிறோம், மற்றது விட்டுப்போயிருக்கிறது. திண்ணை நாய்க்குப் புத்தகமே இல்லை. திங்கட்கிழமை இரண்டையும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுவிட்டு, அப்புறம்தான் பாலிசி. லாப்ரடாருக்கு ஆர்.டி., மற்றதற்கு இன்சூரன்ஸ் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. ஏஜென்ட் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார், வயதும் பெயரும் கேட்கிறது. வயதை டாக்டர் பல்லைப் பார்த்துத் தோராயமாகச் சொல்லிவிடுவார். பெயர்தான் இல்லை, இரண்டு வருடமாக "ஏய்" என்றே கூப்பிடுகிறோம்.