கிராஸ்ஓவர் இல்லாத பழைய கார் ஸ்பீக்கர் செட்: என்ன மதிப்பில் கண்டன்சர், காயில் போடுவது?

கேள்வி:
பழைய காரில் இருந்து கழற்றிய 6.5 இன்ச் காம்பொனென்ட் செட். வூஃபர் (கீழ்ச்சுருதி ஸ்பீக்கர்) 2, ட்வீட்டர் (மேல்சுருதி ஸ்பீக்கர்) 2 இருக்கின்றன. சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பெட்டிகளைக் காணோம். வூஃபரை நேராகவும், ட்வீட்டரை 2.2 மைக்ரோஃபாரட் கண்டன்சர் (கெபாசிட்டர்) வழியாகவும் கொடுத்திருக்கிறேன். குரல் கதவின் அடியிலிருந்தே வருகிறது, மேலே ‘ஸ் ஸ்’ மட்டும். இடது ட்வீட்டரில் சத்தமே இல்லை. மீட்டரில் வூஃபர்கள் 3.4 ஓம், வலது ட்வீட்டர் 3.3, இடது ட்வீட்டரில் ரீடிங் இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
மீட்டரில் ரீடிங் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும்; 3.3, 3.4 என்றால் 4 ஓம் செட்தான். 4 ஓமுக்கு 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 18,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் குறைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் குரல் ட்வீட்டருக்கு ஏறவே இல்லை. கண்டன்சர் மட்டும் போதுமென்றால் 10 மைக்ரோஃபாரட். 4,000 ஹெர்ட்ஸில் பிரியும். ஆனால் சத்தம் கூட்டினால் கீழ்ச்சுருதி கொஞ்சம் உள்ளே போய் ட்வீட்டரை வாட்டும். முழு கிராஸ்ஓவரே கட்டுங்கள்.

3,500 ஹெர்ட்ஸுக்கு, ஒரு பக்கத்துக்கு 8.2 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 2, 0.25 மில்லிஹென்றி காயில் 2. ட்வீட்டர் லைனில் கண்டன்சர் தொடராக, அதற்குப் பிறகு ட்வீட்டருக்குக் குறுக்கே (அதன் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையில்) காயில். வூஃபரில் இதற்கு நேர்மாறு: காயில் தொடராக, கண்டன்சர் குறுக்கே. கண்டன்சர் நான்-போலார் (பிளஸ், மைனஸ் இல்லாத) வகையாக, 100 வோல்ட்டில் வாங்குங்கள். பவர் சப்ளையில் போடும் சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கூடாது.

இடது ட்வீட்டருக்கு உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் அறுந்திருக்கிறது. டெர்மினலுக்கு வரும் முடி போன்ற கம்பியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பற்றவைத்த இடத்திலேயே விட்டிருந்தால் எனாமலைச் சுரண்டி மறுபடி சால்டர் வைக்கலாம். உள்ளே கருகியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புது ட்வீட்டர் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இடமும் வலமும் ஒத்துப்போகாது.

கேட்டவர்:
நன்றி சார். 0.25 காயில் இங்கே கடையில் கிடைக்கவில்லை. கையால் சுற்றலாமா?

பதில் 2:
தாராளமாகச் சுற்றலாம். 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, காயிலுக்குச் சுமார் 11.5 மீட்டர். 1 இன்ச் விட்டம், 1 இன்ச் அகலம் உள்ள பிளாஸ்டிக் பாபினில் நெருக்கமாக 110 சுற்று. அடுக்குக்கு 19 சுற்று பிடிக்கும். நடுவில் இரும்பு போல்ட் வைத்தால் மதிப்பு ஏறிவிடும். பித்தளை போல்ட் அல்லது நைலான் டை போதும். இரண்டு காயிலையும் ஒரே திசையில் அடுக்காதீர்கள்: ஒன்று படுத்திருந்தால் மற்றது நிற்கட்டும், இல்லையென்றால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் பாயும்.

இப்படி ஒரு கண்டன்சரும் ஒரு காயிலும் சேர்ந்த கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் காரில் வூஃபரும் ட்வீட்டரும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் இரண்டு விதமாகவும் கேளுங்கள். எதில் குரல் நிறைவாக வருகிறதோ அதையே வையுங்கள். ட்வீட்டர் காதைக் குத்தினால் கண்டன்சர், காயிலுக்குப் பிறகு தொடராக 1.2 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 10 ஓம், இரண்டும் 5 வாட் ரெசிஸ்டர். 3 டெசிபெல் இறங்கும்.

பதில் 1:
ஒன்று மறந்துவிட்டேன். இரண்டு பக்கத்தையும் ஒரே பெட்டியில் கட்டினாலும் இடது மைனஸையும் வலது மைனஸையும் சேர்க்காதீர்கள், கார் பாடியிலும் கொடுக்காதீர்கள். ஹெட் யூனிட்டில் (கார் ஸ்டீரியோவில்) ஸ்பீக்கர் மைனஸ் ஒயரிலும் சுமார் 6 வோல்ட் நிற்கும். எர்த்தில் பட்டால் ஆம்ப் ஐசி போய்விடும்.