நகானோவிலும் ஹராஜுகுவிலும் பார்த்த பின்பக்கங்கள்

தோக்கியோவில் கிடைத்த ஒரே ஓய்வு நாளை அண்ணன் மகளிடம் ஒப்படைத்துவிட்டேன். அனிமே என்னும் ஜப்பானிய அசைபடங்களைப் பார்த்துப் பார்த்தே அந்த மொழியைப் பிடித்துக்கொண்ட பெண். "அகிஹாபரா வேண்டாம் அத்தை, நகானோ போலாம்" என்றாள். இரண்டுமே அனிமே ரசிகர்கள் தேடிப்போகும் தோக்கியோப் பகுதிகள். ஷின்ஜுகுவில் சுவோ விரைவு ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே நகானோ.

நகானோ பிராட்வே 1966-இல் திறந்த கட்டடம். மேலே வீடுகள், கீழ்த் தளங்களில் கடைகள். 1980-இல் பழைய மங்கா (ஜப்பானியப் படக்கதை) புத்தகங்கள் விற்கும் சின்னதொரு கடையாக இங்கே தொடங்கிய மந்தராகே, இப்போது தளத்துக்குத் தளம் பரவியிருக்கிறது. பதினொரு மணிக்கே போய் நின்றோம். பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. பன்னிரண்டுக்கு மேல் போங்கள்.

எனக்கு அந்த நாள் உண்மையில் தொடங்கியது செல் ஓவியங்கள் விற்கும் ஒரு கடையில்தான். கணினி வருவதற்கு முன்பு அனிமேயில் ஒவ்வொரு அசைவையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் கையால் வண்ணம் தீட்டிப் படம் பிடித்தார்கள். அந்தத் தாள்கள்தான் இவை. மூவாயிரம் யென்னுக்கு ஒன்றைக் கையில் எடுத்தாள். தலை திரும்பும் ஒரு சிறுமி, வாய் பாதி திறந்தபடி. கடைக்காரப் பையன் எதுவும் சொல்லாமல் அதை வாங்கி, திருப்பிக் காட்டினான்.

முன்பக்கம் வழவழவென்று ஒரே சீரான நிறம். பின்பக்கத்தில் வண்ணம் திட்டுத் திட்டாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தூரிகை இழுத்த தடத்தோடு இருந்தது. கோடு முன்னால், வண்ணம் பின்னால். கேமராவுக்குத் தூரிகைத் தடம் தெரியக்கூடாது என்பதற்காக அப்படி. யாரோ ஒருவர் மேசையில் குனிந்து உட்கார்ந்து தீட்டிய அந்தக் கை அப்படியே தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மதியம், இளைஞர்களின் உடைக் கடைகளுக்குப் பேர்போன ஹராஜுகு. தகேஷிதா தெருவில் கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கிரேப் என்ற மெல்லிய இனிப்பு தோசை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மறுமுனையில் வெளியே வந்தோம். மெய்ஜி சாலையைத் தாண்டினால் சத்தம் அடங்கிவிடுகிறது. அந்தச் சந்துகளுக்கு உரா ஹராஜுகு என்று பெயர். உரா என்றால் பின்பக்கம் என்று சொல்லித் தந்தாள். 1993-இல் ஆடை வடிவமைப்பாளர்கள் நிகோவும் ஜுன் தகாஹாஷியும் நோவேர் என்ற சிறு கடையைத் திறந்தது இந்தப் பகுதியில்தான். ஜப்பானியத் தெரு நாகரிக உடைகளின் கதையில் அது பெரிய திருப்பம்.

நாங்கள் நுழைந்தது பழைய துணிக்கடை ஒன்றில். கிமோனோவுக்கு மேல் ஆண்கள் போடும் கறுப்பு ஹவோரி ஒன்று தொங்கியது. அலங்காரம் எதுவும் இல்லை. வேண்டாமென்று நகர்ந்தேன். கடையில் இருந்த வயதான அம்மா அதை எடுத்து உள்பக்கத்தை விரித்தார். பட்டு உள்துணி முழுக்க ஃபூஜி மலையும் பைன் மரமும்! எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) சாதாரண மக்கள் பகட்டாக உடுத்த அரசு தடை போட்டபோது அழகை உள்ளே ஒளித்துக்கொண்ட வழக்கத்தின் தொடர்ச்சி இது.

ஹவோரி எனக்கு, செல் அவளுக்கு. ஊர் திரும்பியதும் படங்களுக்குச் சட்டம் போடுபவரிடம் செல்லைக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து, வண்ணத்தில் கண்ணாடி படாதபடி இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். இப்போது வெயில் படாத சுவரோரம் மேசையில் இருக்கிறது. பெரும்பாலும் பின்பக்கத்தைத்தான் நம் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.